இரண்டு பெயர்களும் ஒருவரே

"மேற்கூறிய இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்."

என் கையால் அதிகம் எழுதப்பட்ட வாக்கியம் இதுதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூட இடாப்பில் இன்னொன்று, அடையாள அட்டையில் எழுதினவரின் காதில் விழுந்தது மற்றொன்று. எங்கள் பகுதியில் ஒரு மனிதன் நாற்பது வயதுக்குள் குறைந்தது இரண்டு பேராகிவிடுகிறான். ஓய்வூதியமோ காணி உறுதியோ வேண்டியிருக்கும்போதுதான் அவன் மறுபடி ஒருவனாக வேண்டும். அதற்கு ஒரு சத்தியக்கடதாசியும், அதை அத்தாட்சிப்படுத்த ஒரு சமாதான நீதவானும் தேவை. பிரதேச செயலகத்தில் நிருவாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு அந்த நீதவான் வேலையைத்தான் பார்த்துவந்தேன். சனங்கள் களுதாவளையில் என் வீட்டு வாசலுக்கு இரண்டு பேராக வந்து ஒருவராகத் திரும்பிப் போனார்கள்.

ஒரே ஒரு தடவை மட்டும், ஒருவரை இரண்டாகவே இருக்கட்டும் என்று விட்டேன். அவர் என் மகளின் கணவர்.

கலியாண எழுத்தின்போதே சிக்கல் தொடங்கிவிட்டது. விவாகப் பதிவாளர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மாப்பிள்ளையிடம் தொழில் என்ன என்று கேட்டார்.

"குத்துச்சண்டை வீரர்," என்றார் மாப்பிள்ளை.

"அது விளையாட்டு தம்பி. நான் தொழிலக் கேட்டன்."

"அதுதான் ஐயா தொழில். பெதர்வெயிட்."

பதிவாளர் என்னைப் பார்த்தார். நாங்கள் ஒரே காலத்தில் சேவைக்கு வந்தவர்கள். "தனியார் துறை எண்டு போடுங்க," என்றேன். அவர் நிம்மதியாக எழுதினார். என் மருமகனை ஒரு கூட்டுக்குள் அடைக்க நான் செய்த முதல் உதவி அது.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நானும் அப்படி வந்தவன்தான். முப்பத்தெட்டு வருடமாக மனைவியின் பெயரில் உள்ள வீட்டில் இருக்கிறேன். மருமகன் ஒரு பையில் உடுப்பும் இன்னொரு பையில் கையுறைகளும் கொண்டு வந்தார். வந்த மூன்றாம் நாள் ஆலையிலிருந்து உமி வாங்கி வந்து, அதோடு மணலைக் கலந்து ஒரு சாக்கில் இறுக்கி மாமரத்தில் கட்டினார். காலையில் நான் பத்திரிகை வாசிக்கும் நேரத்துக்குச் சாக்கு அடிவாங்கத் தொடங்கும்.

அவர் தேற்றாத்தீவுக்காரர், வாவியில் வலை போடுகிறவரின் மகன். உயரம் குறைவு, கைகள் நீளம். பட்டணத்தில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் பழகி, தேசிய மட்டத்தில் ஒரு பதக்கம் எடுத்து, பதக்கம் சோறு போடாது என்று கண்டதும் காவலாளி வேலைக்கு டுபாய் போனவர். அங்கே காவல் காத்த கட்டடத்தின் நிலக்கீழ் மாடியில் ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது. ஒருநாள் அங்கே ஐம்பத்தேழு கிலோ நிறைக்காரர் ஒருவரோடு மோத ஓர் ஆள் குறைந்தது. இவர் சீருடையைக் கழற்றிவிட்டு ஏறினார். தொழில்முறை வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

பெதர்வெயிட் என்றால் நிறை ஐம்பத்தேழு கிலோவும் கொஞ்சமும், அதற்குமேல் ஏறக்கூடாது. அந்தக் "கொஞ்சம்" எங்கள் குசினியில் செய்த அட்டகாசம் சொல்லி முடியாது. மருமகனுக்குச் சமைப்பதற்கென்றே பிறந்ததாக நினைக்கும் ஊரில், மருமகன் சாப்பிடமாட்டேன் என்கிறார்.

"எள்ளுப்போலயாவது தின்னுங்க மனே. கணவாய்க்கறி வச்சிரிக்கன்."

"வேணாம் மாமி. தண்ணியே நாளைக்குப் பின்னேரந்தான்."

"நாளைக்குக் குடிக்கப்போற தண்ணிக்கு இண்டைக்கே நேரம் குறிச்ச மனிசன நான் இப்பதான் காணுறன்," என்று மனைவி சட்டியை மூடுவாள். இரண்டு வருடம் அதைத் தன் கைப்பக்குவத்துக்கு வந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டாள்.

நிறை பார்க்க எங்கள் வீட்டுத் தராசை அவர் நம்பமாட்டார். சந்தியில் ஏறாவூர்க்காரர் ஒருவரின் நெல் வாங்கும் கடை இருந்தது. அந்தப் பெரிய தராசில் பிளாஸ்டிக் மழையங்கியோடு ஓடிவந்து, அதைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார். வயல் வட்டையிலிருந்து மூட்டை கொண்டுவந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லாரும் நானா என்று அழைக்கும் முதலாளி முள்ளைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் அதே பகிடியைத்தான் விடுவார்.

"தம்பி, நெல்லெண்டா ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பம். உங்களுக்கு எவ்வளவு கழிக்கிற?"

"ஈரமெல்லாம் காஞ்சிட்டு நானா. இப்ப அரிசி மட்டுந்தான் இரிக்கு."

அவருடைய உண்மையான வேலை என்னவென்று ஒப்பந்தங்களை வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வெளிநாட்டில் ஒரு பயிற்சிக்கூடம் தன் பையனை வளர்க்கிறது. அவனுக்கு வெற்றிகள் தேவை. அதற்கு, நன்றாக நின்று, ஆறு சுற்றுத் தாக்குப்பிடித்து, கடைசியில் தோற்கிற ஓர் ஆள் வேண்டும். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பந்தியையும் வாசித்தது அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

"என்ன மாமா எழுதியிரிக்கு?" என்று கேட்பார்.

"நீங்க தோக்கோணும் எண்டு எழுதல்ல. வெண்டா என்ன நடக்கும் எண்டும் எழுதல்ல."

சிரிப்பார். முன்பற்களில் ஒன்று பொய்ப்பல். அப்படியிருந்தும் நாலு தடவை வென்றார். அதில் இரண்டு, அவரை அழைத்தவர்கள் மறுபடி அழைக்காத அளவுக்கு மோசமான வெற்றிகள். தோல்விகள் ஆறு. அந்த ஆறுக்குப் பிறகும் உடனே அழைப்பு வந்தது.

பாங்கொக்கில் ஏழாவது தோல்வி. நாலாம் சுற்றில் இடதுகைக் கொக்கி ஒன்று தாடையில் விழுந்தது. ஒன்பது எண்ணும்போது எழுந்தார், ஆனால் தவறான மூலையைப் பார்த்து எழுந்தார். நடுவர் நிறுத்தினார். தலையைப் படம் எடுத்தார்கள். "நரம்பியல் நிபுணர் ஒருவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை காலவரையறையின்றிப் போட்டியிடத் தடை" என்ற கடிதத்தோடு வந்திறங்கினார். நான் அதைத் துளையிட்டு, "மருத்துவம் - வெளிநாடு" என்று தலைப்பிட்ட கோவையில் போட்டேன்.

அதன் பிறகு அவருடைய கடவுச்சீட்டு காலாவதியானது. இங்கேதான் என் படிப்பு வேலைசெய்தது.

மருமகனின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. பழைய கடவுச்சீட்டில் யாரோ அதை ஆங்கிலத்தில் வெறும் லகரமாக எழுதியிருந்தார்கள். தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியிருந்தன. வேறொருவர் என்றால் அப்படியே புதுப்பித்திருப்பார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறப்புப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாம் சேர்த்து, இரண்டு தடவை கொழும்புக்குப் போய், ழகரத்தை ழகரமாகவும் தகப்பனைத் தகப்பனுடைய இடத்திலும் எழுத வைத்தேன். அந்த அலுவலகத்தின் கருமபீடத்திலிருந்த பிள்ளை இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப இது வேற ஆளா ஐயா?" என்று கேட்டது. நான் சிரித்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தமிழுக்குப் பெரிய தொண்டு செய்துவிட்ட திருப்தியில் இருந்தேன்.

தடை வந்து ஏழு மாதம். மருமகன் சாக்கை அடிப்பதை விட்டிருந்தார். வாவிக்கரைக்குப் போய்த் தகப்பனின் தோணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்துவிட்டு வருவார். மனைவி வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். அது அவளுக்கே பயமாக இருந்தது. நிபுணரிடம் போவோம் என்று மகள் இரண்டு முறை நாள் குறித்தாள். இரண்டு முறையும் அவருக்கு வேறு அலுவல் வந்தது.

அப்போதுதான் அவருடைய போட்டிகளை ஒழுங்குசெய்யும் ஏற்பாட்டாளர் கொழும்பிலிருந்து பேசினார். என்னை நேரில் கண்டதில்லை, ஆனாலும் அங்கிள் என்றுதான் அழைப்பார்.

"அங்கிள், டுபாயில எட்டு ரவுண்ட் ஒண்டு இருக்கு. இன்டர்நெற்றில இவருடைய பழைய பேரப் போட்டா தடை காட்டுது. புதுப் பேரப் போட்டா ஒண்டுமே இல்ல. புது ஆள்."

குத்துச்சண்டைக்காரர்களின் பதிவுகள் இணையத்தில் ஒரு பட்டியலாக இருக்கின்றன. நானும் பார்த்தேன். லகரக்காரர் நாலு வெற்றி, ஏழு தோல்வி, பெயருக்கு எதிரே சிவப்புக் குறி. ழகரக்காரர் இன்னும் பிறக்கவே இல்லை.

டுபாய் உரிம விண்ணப்பத்தோடு சேர்க்க, கைப்பழக்கத்தில் நான் சத்தியக்கடதாசியைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பெயர் மாறிய எவருக்கும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். மருமகன் மேசைக்கு எதிரே நின்று அதை வாசித்தார்.

"இத இணைக்காட்டி என்ன மாமா?"

"இணைக்கச் சொல்லி விண்ணப்பத்தில கேக்கல்ல."

"அப்ப விடுவம். என்ட தலையில ஒரு வருத்தமும் இல்ல மாமா. பாருங்க." ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, மூக்கைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நான் வைத்தியன் அல்ல.

விண்ணப்பத்தின் பதினோராவது கேள்வி: இப்பெயரையுடையவர் எங்கேனும் மருத்துவக் காரணத்துக்காக இடைநிறுத்தப்பட்டுள்ளாரா? ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கித் தப்புகிற ஆட்களை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து முப்பது வருடம் பார்த்தவன் நான். அவர்களைப் பிடிப்பதில் எனக்குப் பெயரும் இருந்தது. "இப்பெயரையுடையவர்" என்ற சொல்லை நான் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு "இல்லை" என்று நிரப்பினேன். கடவுச்சீட்டின் பிரதிக்கு என் முத்திரையைக் குத்தினேன். சத்தியக்கடதாசி மேசை லாச்சிக்குள் போனது.

ஏன் செய்தேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் சும்மா குந்தியிருந்ததைப் பார்க்க முடியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று சொல்லக் கூச்சமானது. அந்தக் கேள்வியில் ஓட்டை இருப்பதைக் கண்டவன் நான். கண்ட ஓட்டையை வீணாக்க எனக்கு மனமில்லை.

டுபாய்ப் போட்டியை மகளின் கைபேசியில் பார்த்தோம். பெரிய போட்டிக்குக் கூட்டம் வந்து சேருமுன் நடக்கிற சில்லறைப் போட்டி. எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரம். மூன்றாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் அவருடைய தலை பின்னால் போய், திரும்பி வரக் கொஞ்சம் சுணங்கியது. மகள் எழுந்து குசினிக்குள் போய்க் கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்பக் கழுவினாள். அவர் விழவில்லை. எட்டுச் சுற்றும் நின்று புள்ளிகளில் தோற்றார். விழுந்திருந்தால் புதுப் பெயருக்கும் தடை வந்திருக்கும். விழாததால் ஒழுங்குவிதிப்படி நலமாக இருந்தார்.

வீட்டுக்கு வந்தது வேறொருவர். பிளேன்ரீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். கையில் சுற்றும் துணியை மூன்று நிமிடத்தில் சுற்றி முடிக்கிறவர், பாதியில் குலைத்துக் குலைத்து நாலு தடவை தொடங்கினார். அந்த வருடம் மாரி பலத்துப் பெய்து வாவி நிரம்பியிருந்தது. அப்படி நிரம்பினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள்.

"முகத்துவாரம் வெட்டிட்டாங்களா மாமா?" என்று காலையில் கேட்டார்.

"நேத்து வெட்டிட்டாங்க. தண்ணி வடியுது."

பத்து மணிக்கும் கேட்டார். சாப்பிடும்போதும் கேட்டார். அதே குரல், அதே அக்கறை. மூன்றாம் தடவை மனைவி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் சொன்னேன்: "நேத்து வெட்டிட்டாங்க."

அந்த நிலையில்தான் ஏற்பாட்டாளர் மறுபடி பேசினார். ஆறு வாரத்தில் மலேசியாவில் ஒரு போட்டி. அழைப்பு வந்த அன்றே மருமகன் சோற்றைக் குறைத்தார். மழையங்கியைத் தேடினார், அது இருந்த இடம் அவருக்கு நினைவில்லை.

மகள் ஆசிரியை. இடமாற்ற விண்ணப்பத்துக்காக விவாகப் பத்திரத்தைத் தேடி என் லாச்சியைத் திறந்தவள், கையில் வேறொரு தாளோடு வந்தாள்.

"அப்பா, இது எப்ப அடிச்சது?"

"டுபாய்க்குப் போக முதல்."

"ஊரில உள்ள எல்லாரையும் ஒண்டாக்கினீங்க. இவர மட்டும் என்னத்துக்கு ரெண்டா வச்சிரிக்கீங்க?"

நான் விளக்கத் தொடங்கினேன். கேள்வி பதினொன்றின் சொல்லமைப்பு பற்றி ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில், "விளங்குது. இப்ப கையெழுத்து வைங்க. மற்ற ஆளுக்குரிய தடை இவருக்கும் வரட்டும்," என்றாள்.

விசயம் அவ்வளவு இலேசானதல்ல. சத்தியக்கடதாசியில் சத்தியம் செய்கிறவர் உரியவராக இருக்க வேண்டும். நீதவான் அத்தாட்சிப்படுத்துகிறவர் மட்டுமே. அதோடு, தனக்குச் சம்பந்தமுள்ள விசயத்தில் நீதவான் கையெழுத்திடலாகாது. இரண்டையும் சொன்னேன். மகள் தாளைக் கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்தாள்.

மருமகன் மாமரத்தடியில் இருந்தார். நீண்ட நேரம் வாசித்தார். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இதில வச்சா நான் முடிஞ்சன் மாமா."

"வைக்காட்டியும் முடிவீங்க மருமகன்."

"அது எனக்குத் தெரியும். எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியாதே." தாளை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோபமே இல்லை.

ஒரு வழி மிச்சமிருந்தது. உரியவர் மறுத்தால், விசயத்தை நேரடியாக அறிந்த இன்னொருவர் தன் பெயரில் சத்தியம் செய்யலாம். அறிந்தவர் யார் என்றால் விண்ணப்பத்தை நிரப்பியவர். அதாவது "இல்லை" என்று எழுதியது என் கை என்று நானே எழுதிக்கொடுக்க வேண்டும். இரண்டு நாள் வேறு வழி தேடினேன். நடைமுறை தெரிந்தவனுக்கு எப்போதும் வேறு வழி இருக்கும் என்று நம்பி வாழ்ந்தவன். இருக்கவில்லை.

எல்லாவற்றையும் என் பெயரில் அடித்துக்கொண்டு காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன். என்னோடு ஒரே கிளையில் பன்னிரண்டு வருடம் வேலைசெய்த நண்பர் அங்கே சமாதான நீதவானாக இருக்கிறார். தாளை இரண்டு முறை வாசித்தார்.

"என்ன சேர் இது? உங்கட தலையில நீங்களே மண்ண அள்ளிப் போடுறீங்க."

"என்ட தலைக்கு ஒண்டும் ஆகாது. அது நல்லாத்தான் வேலை செய்யிது. அதுதான் பிரச்சினை."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்திட்டார். தன் மகனைக்கொண்டு தாளைப் படமெடுத்து, டுபாயிலும் மலேசியாவிலும் உள்ள குத்துச்சண்டைச் சபைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பித் தந்தார். நாலாம் நாள் இரண்டு வரியில் பதில் வந்தது. போட்டி ரத்து, இரண்டு பெயர்களுக்கும் உரிமம் ரத்து. நானும் நீதவான் பதவி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு முத்திரையை லாச்சிக்குள் போட்டேன்.

பதிலை வாசித்த நாளிலிருந்து மருமகன் என்னை "ஐயா" என்று அழைக்கத் தொடங்கினார். சத்தமில்லை, முகச்சுளிப்பு இல்லை. "ஐயா, தண்ணி மோட்டர நிப்பாட்டவா?" "ஐயா, கடிதம் வந்திரிக்கு." அரசாங்கக் கச்சேரி வாசலில் நிற்கிறவர்கள் அழைக்கும் அதே ஐயா. மனைவி ஒருநாள் கண்டித்தாள். "மரியாதையாத்தானே மாமி கூப்பிடுறன்," என்றார்.

இப்படி எட்டு மாதம் போனது. ஒரு காலை அவர் குசினி வாசலில் நின்று, "மாமா, முகத்துவாரம் வெட்டிட்டாங்களா?" என்று கேட்டார். அது பங்குனி மாதம், மழையே இல்லை. மாமா என்று கேட்டதும் ஒரு கணம் எனக்குள் ஏதோ இளகியது. பிறகு புரிந்தது. அவர் என்னை மன்னிக்கவில்லை. எதை மன்னிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார்.

பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் நிபுணர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். "இதுக்கு முந்தி எடுத்த படம் இருக்கா? எது பழசு, எது புதுசு எண்டு பாக்கோணும்." எங்களிடம் கடிதம்தான் இருந்தது, படம் பாங்கொக்கில். அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதினோம். படத்தை லகரப் பெயருடைய நோயாளிக்கு மட்டுமே தரலாம். கடவுச்சீட்டுப் பெயர் வேறென்றால், இருவரும் ஒருவரே என்று நோயாளியே சத்தியம் செய்து அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. மிகச் சரியான நடைமுறை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நாலாக மடித்த தாளை லாச்சியிலிருந்து எடுத்துத் திகதியை மட்டும் மாற்றித் திரும்ப அடித்தேன். காத்தான்குடி நண்பர் வீட்டுக்கே வந்தார். மருமகனைக் கதிரையில் இருத்தி மகள் பேனையைக் கொடுத்தாள். அவர் கவனமாக எழுதினார். கடவுச்சீட்டில் இருந்த கையெழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை. ழகரத்தின் சுழி வரை வந்து பேனை எங்கோ போய்விட்டது. இன்னொரு தாளில் முயன்றார். அது மூன்றாவது ஒருவரின் கையெழுத்தாக வந்தது.

நண்பர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் நடைமுறை தெரியும். கையெழுத்து ஒத்துவராவிட்டால் பெருவிரல் அடையாளம். என் பழைய மைப்பெட்டி காய்ந்திருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். விரல் வைக்கிறவருக்கு வாசகத்தை வாசித்துக் காட்ட வேண்டும். நண்பர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "மேற்கூறிய இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்."

"விளங்கிச்சா தம்பி?"

"ஓம். ரெண்டு பேரும் நான்தான்." என் பக்கம் திரும்பினார். "அதில ஆர் மாமா வெண்டது?"

மகள் முற்றத்தைப் பார்த்தாள். மாமரத்தில் சாக்கு இன்னும் தொங்கியது; அணில் ஓட்டை போட்டு உமி கீழே கொட்டியிருந்தது.

"நாலு தரம் நீங்க வெண்டீங்க, மருமகன்," என்றேன்.

தலையை ஆட்டினார். கையை என்னிடம் நீட்டினார், துணி சுற்றிவிடக் கொடுப்பதுபோல விரல்களை விரித்து. பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளின் மேல் இடப்புறமிருந்து வலப்புறம் உருட்டினேன். நண்பர் அதன் கீழே, சட்டம் கேட்கிற வரியை எழுதிக் கையெழுத்திட்டார்: வாசகம் அவருக்கு வாசித்து விளக்கப்பட்டது, அதை அவர் விளங்கிக்கொண்டவராகத் தோன்றினார்.